பொட்டு வைக்காத பேட்டரி

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் நிவேதா. முப்பது வயது, கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். ஒரே குறை, சந்தேகம் வந்துவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் போன் செய்துவிடுவாள். போன வாரமும் அப்படித்தான். தலையில் அப்பிய சீயக்காயோடு குளியலறையிலிருந்து ஓடி வந்து போனை எடுத்தேன்.

“மேடம், புது பேட்டரி வந்திருக்குது. உள்ளயே ப்ரொடெக்‌ஷன் இருக்குதாம். சார்ஜ் ரொம்ப கம்மியாச்சுன்னா அதுவே கட் பண்ணிக்குமாம். அப்ப உங்க பஸ்ஸர், டைமர், அந்த பழைய நோட்டு எல்லாத்தையும் ஸ்கிராப்ல போட்டுடலாமா?”

“பிளேன் மேல பறந்துக்கினு இருக்கும்போது அதுவே கட் பண்ணிக்கினா?” என்று கேட்டேன்.

“பேட்டரி சேஃப் மேடம்.”

“பேட்டரி சேஃப். பிளேன்?”

சீயக்காய் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்ததால் எனக்குப் பொறுமை இல்லை. இருந்தாலும் ஈரத் தலையோடு நின்று அவளுக்கு அரை மணி நேரம் பேசினேன். பேசியதில் பாதி கோபம், பாதி கதை. கோபத்தை விட்டுவிட்டு மீதியை இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அதில் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கென்று ஒரு லேப். அங்கே இருபத்திரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். விமானத்தை மாணவர்கள் ஒட்டுவார்கள், லேப் பொறுப்பாளர் வேதாந்தம் சார் பறக்கவிடுவார், பேட்டரியை நான் காப்பாற்றுவேன். இந்த வேலையை அக்கம்பக்கத்தில் விளக்க என்னால் கடைசி வரை முடியவில்லை. பிளேன் காலேஜில் கரண்ட் வேலை என்று என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதனால் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் போட்டும் கொடுத்தேன்.

டிப்ளமா படித்ததும், டிவி ரிப்பேர் கடையில் ஆறு வருடம் சால்டரிங் பிடித்ததும் எல்லோரும் செய்வதுதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கல்லூரியில் என்னைத் ‘தற்காலிகம்’ என்று சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகம் ஒன்பது வருடம் நீடித்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆபீஸில் போய் நின்று, இந்த வருடமும் நான் இருக்கிறேனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னோடு வேலைக்குச் சேர்ந்த கேன்டீன் பூனைக்குக்கூட அந்தக் கவலை இருந்ததில்லை.

நான் சேர்ந்து சில வருடங்களில் லித்தியம் பேட்டரி வந்தது. லைப்போ என்போம். வெள்ளிப் பொட்டலம் மாதிரி இருக்கும், உள்ளே செல்களை அடுக்கியிருப்பார்கள். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். அலமாரியில் சும்மா வைக்கும்போது 3.8. பறக்கும்போது 3.5க்கு இறங்கினால் விமானமும் தரைக்கு இறங்கிவிட வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் அந்த செல் போனதுதான். பிழைத்த மாதிரி தெரிந்தாலும் உப்பிக்கொண்டு நிற்கும், அதை நம்பி சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும். ஆக, உள்ளே மிச்சம் இருக்கும்போதே நிறுத்தத் தெரிய வேண்டும். என் உத்தியோகம் மொத்தமும் இவ்வளவுதான்.

வேதாந்தம் சார் என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். சொந்த ஊர் திருப்புட்குழி, குடியிருந்தது சின்னக் காஞ்சிபுரத்தில். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், மூக்குக் கண்ணாடியை உயர்த்துவார். கண்ணாடி நெற்றி வரை போய்விட்டால் அன்று யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

விமானம் கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை அவரிடம் பதினெட்டு இருந்தன. கோயிலில் கோஷ்டி சேவிக்கிற மாதிரி அவர் ஒரு வரி சொல்ல, நான் எதிர்வரி சொல்ல வேண்டும். “பேட்டரி?” என்று இழுப்பார். “பூட்டியாச்சு” என்று நானும் இழுக்க வேண்டும். “பஸ்ஸர்?” “மாட்டியாச்சு.” “டைமர்?” “வெச்சாச்சு.” சாதாரணமாக, இழுக்காமல் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பஸ்ஸர் என்பது தீப்பெட்டி அளவு கருவி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் மாற்றி மாற்றிக் காட்டும், நாம் வைத்த அளவுக்குக் கீழே ஒரு செல் போனாலும் காது கிழியக் கத்தும்.

பேட்டரிகளுக்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். நாங்கள் அதை ஜாதக நோட்டு என்போம். ஒவ்வொரு பேட்டரிக்கும் நம்பர், பிறந்த தேதி, ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் ஒவ்வொரு செல்லின் வோல்ட். செத்துப்போனால் சிவப்பு மையில் ‘பரமபதம்’ என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவார். பிறகு அதை இரண்டு நாள் உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவைப்போம். மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கொல்லத்தான் அது. ஆனால் அந்த இரண்டு நாளும் சார் வாளிப் பக்கம் திரும்பாமல் நடப்பார்.

இவ்வளவு கண்டிப்பான மனிதரிடம் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. ரிமோட் கைக்கு வந்து விமானம் மேலே போய்விட்டால் அவர் வேறு ஆள். “ஒரே ஒரு ரவுண்டு தனம்மா, ஒரே ஒரு ரவுண்டு” என்பார். அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தால் மூன்றாவது தடவை பாயசம் கேட்பவர் முகம் மாதிரி இருக்கும். வேண்டாமென்று சொல்ல மனசு வராது.

ஏழாம் நம்பர் அப்படித்தான் போனது.

லேப்பில் பெரிய விமானம் ஒன்று இருந்தது. ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலத்துக்கு இறக்கை. அதற்குப் ‘பெரியம்மா’ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. அதன் வயிற்றுக்குப் பொருந்துகிற நாலு செல் பேட்டரி இரண்டுதான் இருந்தன, ஏழும் எட்டும். பறக்கவிடுவது ஓரிக்கையில், பாலாற்று மணலில். பாலாற்றில் தண்ணீர் வராததால் பிழைத்தவர்களில் மணல் லாரிக்காரர்களுக்கு அடுத்து நாங்கள்தான்.

அன்று பறந்து முடித்து, ஏழாம் நம்பரைக் கழற்றி நிழலில் வைத்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து சார் வந்து நின்றார். ஒரே ஒரு ரவுண்டு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆள்வதற்கு ஈ.எஸ்.சி. என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. பேட்டரி மாட்டியதும் அது செல்களை எண்ணி பீப் அடிக்கும். நாலு செல் என்றால் நாலு பீப். அதற்கேற்ற அளவில் பின்னால் மோட்டாரை நிறுத்தும். ஆனால் அது உண்மையில் எண்ணுவதில்லை, மொத்த வோல்ட்டைப் பார்த்து உத்தேசமாக முடிவு செய்கிறது. பறந்து களைத்த நாலு செல் பேட்டரியை மாட்டினால், பதிமூன்று வோல்ட்டைப் பார்த்துவிட்டு, மூன்று செல் வயிறு நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடும். பன்னிரண்டில் நிறுத்த வேண்டிய மோட்டாரை ஒன்பது வரைக்கும் ஓடவிடும்.

மாட்டினேன். மூன்று பீப்.

“மூணுதான் சார் அடிச்சுது,” என்றேன்.

“காத்துல ஒண்ணு கேட்டிருக்காது, தனம்மா.”

பஸ்ஸரை வேறு முன்பே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தேன். ஒரே ஒரு ரவுண்டுதானே என்று எனக்கும் தோன்றியது. ஒரு ரவுண்டு நாலு ரவுண்டாகி, பெரியம்மா அழகாக இறங்கி வந்தது. மூடியைத் திறந்தால் ஏழாம் நம்பர் பூரி மாதிரி உப்பியிருந்தது. சார் கண்ணாடியை உயர்த்தவில்லை, கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று டிபன் பாக்ஸையும் திறக்கவில்லை. மறுநாள் நோட்டைப் பார்த்தேன். ‘ஏழு, பரமபதம். காரணம்: நான்’ என்று எழுதியிருந்தார். மூன்று பீப் கேட்டும் அழுத்திச் சொல்லாத என் பெயர் அதில் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டாம் நம்பர் மட்டும் மிச்சம். அந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கல்லூரியை ஆரம்பித்தவர் பட்டு ஜவுளிக்காரர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார்ந்து, பிறகு கடை வைத்து வளர்ந்தவர். ஆபீஸ் காகிதத்தில் அவருக்கு வேறு பதவிப் பெயர் இருந்தது, ஆனால் கடைப் பழக்கத்தில் கல்லூரியிலும் எல்லோருக்கும் அவர் முதலாளிதான். அந்த வருடம் விஜயதசமியன்று அவருக்கு எண்பது வயது விழா. கல்லூரி மைதானத்தில் மேடை. பெரியம்மா மேலே பறந்து அவர் தலையில் பூத் தூவ வேண்டும். தூவியதும், மேடையிலேயே அவர் மூன்று தற்காலிக ஊழியர்களின் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுவார். மூன்றில் ஒன்று என்னுடையது. ஒன்பது வருடக் காத்திருப்பு ஒரு பூக்கூடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலை லேப்பில் பூஜை. பெரியம்மாவை நடுமேசையில் வைத்தோம். சுற்றிலும் சால்டரிங் அயர்ன், குறடு, மீட்டர், ரிமோட், சார்ஜர். குருக்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். சார்ஜரின் திரை அவருக்கு முகம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும், அதன் நடு நெற்றியில் ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு.

“உயிரில்லாம வெச்சா பெரியம்மா வெறும் தெர்மாகோல்தான். பேட்டரிய மாட்டுங்கோ, லைட் எரியட்டும்,” என்றார் சார்.

முதலில் முன்னால் சுழலும் காற்றாடியைக் கழற்றினேன். குருக்களின் விரல் பத்தும் எங்களுக்கு முக்கியம். பிறகு பேட்டரியை மாட்டினேன். இறக்கையில் சிவப்பும் பச்சையும், வயிற்றில் வெள்ளையுமாக விளக்குகள் மின்னின. பஸ்ஸர் மந்திரத்தின் நடுவே கத்தித் தொலைக்கப் போகிறதே என்று, அதை ஸ்பாஞ்சில் சுற்றி வயிற்றுக்குள் தள்ளி மூடினேன். கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றரை மணிக்குச் சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுபோனது. பேட்டரியைக் கழற்றிய நினைவே இல்லை.

ஈ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்தும், விளக்கை நிறுத்தாது. பஸ்ஸர் கத்தும், கழற்றாது. கழற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கை ஐயம்பேட்டையிலிருந்து ஆறு மைல் தள்ளிச் சுண்டல் பாத்திரத்தோடு நிற்கிறது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஏறியபடியே சாருக்குப் போன் செய்தேன்.

லேப் வாசலில் வாட்ச்மேன் ஏகாம்பரம் கைகட்டி பக்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

“அரை மணி நேரமா பல்லி கத்திக்கினே இருக்குதும்மா. பூஜ பண்ண இடத்துல, அதுவும் கிழக்கு பக்கம். நம்ம காலேஜுக்கு நல்ல காலம் பொறக்கப் போவுது.”

“அது பல்லி இல்லப்பா, பஸ்ஸரு! கதவ தொற!”

“சாவி சார் கைல இருக்குதும்மா.”

சார் ஸ்கூட்டரில் வந்து கதவைத் திறந்தார். உள்ளே பெரியம்மா மங்கலாக மின்னிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்தேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“தொடப்படாது.”

“என்ன சார் சொல்றீங்க?”

“பூஜைல வெச்சாச்சு. நாளைக்குப் புனர்பூஜை ஆகி குருக்கள் எடுத்துக் குடுக்கற வரைக்கும் ஆயுதத்தத் தொடப்படாது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து தொட்டதில்ல.”

“உங்க தாத்தா காலத்துல லைப்போ இல்ல சார்! நாளைக்கி வரைக்கும் விட்டா எட்டாம் நம்பர் பரமபதம்தான். காரணம்னு எழுதற எடத்துல யார் பேர எழுதுவீங்க? சரஸ்வதி பேரயா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சொன்னது அதிகப்படிதான். ஆனால் உள்ளே பஸ்ஸர் கத்தக் கத்த என் உத்தரவுக் காகிதம் ஒவ்வொரு எழுத்தாக அழிவது போல இருந்தது எனக்கு. சார் குருக்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். குருக்கள் ஏதோ லாரி ஷெட்டில் பூஜையில் இருந்தார், பின்னால் மேளச் சத்தம்.

“பேட்டரியா? அது எங்க இருந்துது?” என்று கத்தினார்.

“விமானத்தோட வயித்துக்குள்ள.”

“நான் பொட்டு வெச்சது இறக்கைல ரெண்டு, மூக்குல ஒண்ணு. வயித்துக்குள்ள இருக்கறத நான் பாக்கவே இல்லையே. பொட்டு வைக்காதது பூஜைல சேராது. தாராளமா எடுங்கோ.”

“அத எடுக்கணும்னா மேல மூடியத் தொறக்கணும்.”

“மூடிக்குப் பொட்டு வெச்சேனா?”

சார் எட்டிப் பார்த்தார். “பொட்டு இல்ல. ஒரு சாமந்திப் பூ இருக்கு.”

“நான் வெச்ச பூவ நீங்க எடுக்கப்படாது,” என்றார் குருக்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தானா விழுந்தா அது வேற,” என்று போனை வைத்துவிட்டார்.

சார் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். மின்விசிறி. அதன் சுவிட்சுக்கும் பொட்டு இல்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். ஐந்தில் வைத்தேன். பொரி பறந்தது, விபூதி பறந்தது, ஏகாம்பரம் கண்ணைக் கசக்கினார். சாமந்தி மட்டும் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மூன்று பேரும் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் காற்றுக்குப் பெரியம்மாவின் இறக்கை லேசாகத் தூக்கிக்கொடுக்க, பூ சரிந்து தரையில் விழுந்தது. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூடியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினேன்.

மீட்டரைத் தொட முடியாது, நல்லவேளை, பஸ்ஸர் திரையிலேயே வோல்ட் தெரியும், அதற்கும் பொட்டு இல்லை. 3.21. 3.20. 3.22. நாலாவது செல் 3.08. பேட்டரி உயிரோடுதான் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அதை சார்ஜ் செய்ய முடியாது. சார்ஜருக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு. அதற்கு நான் சாரிடம் வாதாடவில்லை, அவரும் அன்று எனக்காகப் பாதித் தூரம் வந்திருந்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன குருக்கள் ஒன்பது நாற்பதுக்கு வந்தார். விஜயதசமி, ஊரில் உள்ள குழந்தைகள் எல்லாம் அரிசியில் அ எழுதக் காத்திருந்தன, அவரையும் குறை சொல்ல முடியாது. புனர்பூஜை முடிந்த அடுத்த நிமிடம் சார்ஜரின் பொட்டைத் துடைத்துப் போட்டேன். களைத்த செல்லை வேகமாக ஏற்றக் கூடாது, மெதுவாகத் தொடங்கித்தான் கூட்ட வேண்டும். பத்தரைக்கு மேடையிலிருந்து ஆள் வந்தபோது பாதிதான் ஏறியிருந்தது. எட்டு நிமிடம் பறக்க வேண்டிய பேட்டரியில் மூன்றரை நிமிடம்தான் உண்டு என்று கணக்குப் போட்டு டைமர் வைத்தேன்.

“மூணரை சார். அதுக்கு மேல ஒரு செகண்டு இல்ல.”

“மூணரை,” என்றார் சார். கோஷ்டி மாதிரி இழுத்தே சொன்னார். பேட்டரியை மாட்டினேன். நாலு பீப். விரல் விட்டு எண்ணினேன், நாலேதான்.

வர்ணனை சொல்வதற்கு என் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். பெரியம்மா கிளம்பியது, கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு சுற்று சுற்றி மேடைக்கு மேலே வந்ததும் சார் பூப்பெட்டியைத் திறந்தார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. பூவில் பாதி குருக்கள் தலையில், மீதி பந்தி நடக்கவிருந்த இடத்தில் பாயச அண்டாவில். முதலாளி மேல் ஒரு இதழ்கூட விழவில்லை.

அவர் மேடையில் இருந்த மைக்கைப் பிடித்தார். “யப்பா, எனக்கு ஒண்ணும் வுழலியேப்பா. பூப்பொட்டில மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்குது பாரு. இன்னொரு சுத்து வா.”

டைமர் மூன்று நிமிடத்தைத் தாண்டியிருந்தது. சாரின் முகத்தைப் பார்த்தேன். அதே பாயச முகம்.

“ஒரே ஒரு ரவுண்டு, தனம்மா.”

“வேணாம் சார்.”

“முதலாளியே கேக்கறார்.”

தலைக்கு மேலே பெரியம்மா கடந்து போனபோது மெலிதாகப் பஸ்ஸர் சத்தம் கேட்டது. நாலாவது செல். எதிரே முதலாளி, அவர் முன்னால் ஃபைலில் என் பெயர். பாலாற்று மணலில் கேட்ட மூன்று பீப்பும் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. எனக்குக் கண்மண் தெரியவில்லை.

“முதலாளி கேக்கறாருன்னு பேட்டரிக்குத் தெரியுமா சார்? மொதல்ல எறக்குங்க!”

என் கையில் மைக் இருந்தது. ஆறு ஸ்பீக்கரும் அதை ஐயம்பேட்டைக்கே அறிவித்தன.

சார் உடனே விமானத்தைத் திருப்பினார். தரைக்கு முப்பது அடி இருக்கும்போது மோட்டார் நின்றது. சரியாக எண்ணிய ஈ.எஸ்.சி. சரியான இடத்தில் நிறுத்தியிருந்தது. மோட்டாரை மட்டும்தான் நிறுத்தியது, வாலையும் இறக்கையையும் அசைக்கும் மின்சாரத்தை விட்டுவைத்திருந்தது. அந்த மிச்சத்தில்தான் சார் பெரியம்மாவை வழுக்கிக்கொண்டு வந்து, மேடைக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் உட்காரவைத்தார். இன்னொரு சுற்று போயிருந்தால் மோட்டார் நின்றிருக்கும் இடம் ஜனங்களின் தலைக்கு மேலே.

நிவேதாவுக்கு நான் விளக்கியது இதைத்தான். பேட்டரி தன்னைத்தானே மொத்தமாக அணைத்துக்கொண்டால் அந்த வாலும் செத்துப்போகும், பிறகு விமானத்துக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் இல்லை.

முதலாளி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன், ஜூன் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

“ஏம்மா, உள்ள இன்னும் கரண்டு இருக்குதா இல்லியா?”

“இருக்குது ஐயா.”

“இருக்கும்போது ஏன் எறக்கச் சொன்ன?”

ஈ.எஸ்.சி., 3.5 வோல்ட் எல்லாம் வாய் வரை வந்தன. அவர் கையைப் பார்த்தேன், தறிக்காரர் கை. “ஐயா, தறில பாவு நூலக் கடைசி வரைக்கும் நெய்வாங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“எப்டிம்மா நெய்யறது? கடேசில கொஞ்சம் தறி அச்சுலயே வுட்டாத்தானே புதுப் பாவோட இழைய அதுல பிணைக்க முடியும்? முழுசா நெய்ஞ்சி அறுத்துட்டா, அப்புறம் ஒவ்வொரு இழையா மறுபடி கோத்துக்கினு இல்ல ஒக்காரணும்?”

“அதேதான் ஐயா. இதையும் முழுசா நெய்ஞ்சிட்டா திரும்பப் பிணைக்க முடியாது.”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். “இத அந்தக் கண்ணாடிக்காரரு இத்தினி வருசமா எனக்கு இங்கிலீசுல சொல்லிக்கினு இருந்தாரும்மா,” என்றார். “அதுக்காக ஊரே கேக்க மைக்குலயா கத்துவ?”

பேனாவை எடுத்தார். நேற்றுப் பூஜையில் வைத்த பேனா, மூடி முழுக்கச் சந்தனம். என் உத்தரவில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விரல் ரேகை இருக்கிறது. ஓய்வூதியக் காகிதங்கள் கொடுக்கும்போது ஆபீஸில் அது என்ன கறை என்று கேட்டார்கள். அன்று மேடையில் நான் அழுததைக் கற்பூரப் புகை என்று சமாளித்த மாதிரி, அதையும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் சந்தோஷத்தில்தான் அழுதேன், ஒன்பது வருட அழுகை அது.

சார் அன்று நோட்டில் எட்டாம் நம்பருக்கு எதிரே எழுதியது இது: ‘பிழைத்தது. காரணம்: தனலட்சுமி.’ சிவப்புக்குப் பதில் நீல மை. அவர் இப்போது திருப்புட்குழியில் இருக்கிறார். இந்தக் கட்டுரையைப் படித்தால் சந்திப்பிழைகளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சீயக்காய் காய்ந்து தலை பலகை மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறிக் கதையையும் குருக்களையும் மட்டும் அவளிடம் சொல்லவில்லை, சாரின் மானம் என்று ஒன்று இருக்கிறதே. பஸ்ஸரையும் நோட்டையும் தூக்கிப்போட மாட்டேன் என்று நிவேதா சத்தியம் செய்தாள். போனை வைக்கப் போனேன்.

“மேடம், மேடம், ஒரே ஒரு டவுட். நாளன்னிக்கு லேப்ல ஆயுத பூஜ. எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறாங்க. பேட்டரிங்கள மட்டும் கழட்டி வெளியில ஸ்டூல்ல வெச்சுடணுமாம், அதுக்குப் பொட்டே வைக்கக் கூடாதாம். பூஜ நடக்கும்போது ஃபேன் வேற ஃபுல்லா ஓடணுமாம். காலேஜ் சம்பிரதாயம்னு ஏகாம்பரம் அண்ணன் சொல்றாரு. ஏன்னு கேட்டா யாருக்குமே தெரியல. இதுக்கு எதாவது சாஸ்திரம் இருக்குதா மேடம்?”

காரணம் சொல்லாமல் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் எனக்கு வருகிற கோபம் அந்தக் கல்லூரி முழுக்கப் பிரசித்தம். இருபத்திரண்டு வருடம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர்கள் மாறுகிற லேப், பண்டிகை அவசரம், கழற்ற மறந்த பேட்டரி, மின்னுகிற விளக்கு, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின.

“ஆமாம்பா,” என்றேன். “பேட்டரிக்குப் பொட்டு வைக்கவே கூடாது. வெச்சா ஆகாது.”

“ஓகே மேடம்,” என்று பயபக்தியோடு சொல்லிவிட்டு நிவேதா போனை வைத்தாள்.